மலையில் ஒரு தாயின் தீர்மானம்

பழனி மலைத் தொடரில் தூரத்தை மைல் கணக்கில் அளப்பது வீண். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர்தான். ஆயினும் வளைவுகளையும் மூடுபனியையும் கடந்து இறங்குவதற்குள் சில மணி நேரம் போய்விடும். வெள்ளகவி போன்ற கிராமங்களுக்கோ நெடுங்காலம் வண்டிப் பாதையே இல்லை. கர்ப்பிணிகளை டோலி கட்டித்தான் சுமந்து சென்றார்கள். இத்தகைய மலையில், எதிர்பாராமல் கருவுற்ற பெண்ணுக்குப் பெரிய சத்துரு எது? ஊர் வாய் என்பர் சிலர். வறுமை என்பர் சிலர். வீணே கழியும் நாட்களே என்பது நமது அபிப்பிராயம்.

திகைப்பில் பத்து நாள் போகும். மறைப்பதில் பத்து நாள் போகும். பூண்டு அறுவடை முடியட்டும் என்று இன்னும் சில வாரங்கள் போகும். ஆதலால் முதல் வேலை நாட்கணக்கு. கர்ப்பத்தின் வயது, மாதவிலக்கு தவறிய நாளிலிருந்தல்ல, கடைசியாக விலக்கான முதல் நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. இதை அறியாதவள் தன் கணக்கில் நான்கு வாரங்களைத் தொலைத்துவிடுவாள். அடுத்தது டாக்டரின் பரிசோதனை. கரு கருப்பையில் தங்கியிருக்கிறதா, குழாயில் தங்கிவிட்டதா என்று அறிவது அவசியம். பின்னது உயிருக்கே ஆபத்து. இரத்தசோகையும் அப்போதே தெரிந்துவிடும்.

சட்டம் சொல்வதையும் அறிந்திருத்தல் நன்று. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. அதன்படி, சட்டம் குறிப்பிடும் காரணங்களுக்காக, 20 வாரம் வரை ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். கருத்தடைச் சாதனம் பயனற்றுப் போனதும் அத்தகைய காரணமே. பலாத்காரத்துக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கர்ப்ப காலத்தில் விதவையானவர் முதலிய சிலருக்கு, இரண்டு டாக்டர்களின் அபிப்பிராயத்துடன் 24 வாரம் வரை இடமுண்டு. மணமாகாதவரையும் இதிலிருந்து விலக்கலாகாது என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வயது வந்த பெண்ணின் சம்மதமே போதும்; கணவன் கையெழுத்து வேண்டியதில்லை. சிறுமியானால் காப்பாளரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. பெயரை ரகசியமாகக் காப்பது டாக்டரின் கடமை.

மாத்திரையால் கலைக்கும் முறை 9 வாரம் வரைக்குமே. அதுவும் டாக்டரின் மேற்பார்வையில்தான். கடையில் இரகசியமாக வாங்கி விழுங்கி, மலையுச்சியில் இரத்தப்போக்கு மிகுந்தால் காப்பவர் யார்? எருக்கங்குச்சி வைத்தியமோ விஷக்காய்ச்சலையும் மரணத்தையும் அழைத்துவரும்.

குழந்தையைப் பெற விரும்புகிறவளுக்கும் நாட்கணக்கு அவசியமே. கிராம சுகாதார செவிலியரிடம் சீக்கிரம் பதிவு செய்தால் சத்துணவும் பரிசோதனையும் உரிய காலத்தில் கிட்டும். தகுதியுள்ள தாய்மாருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள மகப்பேறு உதவித் திட்டத்திலும் பணம் கிடைக்கும்.

பெற்றும் வளர்க்க இயலாதவளுக்கு மூன்றாம் வழி உண்டு. பெண் சிசுக்களைக் காக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் நம் திண்டுக்கல் ஜில்லாவுக்கும் வந்தது. குழந்தை நலக் குழுவின் முன் முறைப்படி ஒப்படைத்த தாய், மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் குழந்தையைத் திரும்பப் பெறச் சட்டம் இடமளிக்கிறது. குப்பை மேட்டுக்கும் புதருக்கும் எந்தச் சிசுவும் போக வேண்டியதில்லை.

இனி அவள் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. என் உடல் இதைத் தாங்குமா? இடுப்பிலிருக்கும் குழந்தைக்கு வயது என்ன? எனக்குத் துணை நிற்பவர் யார்? இந்த விருப்பம் என்னுடையதா, அல்லது மாமியாரோ கணவனோ திணித்ததா? பெற்றுக்கொள் என்று வற்புறுத்துவதும் தவறு. கலைத்துவிடு என்று வற்புறுத்துவதும் தவறு. பெண் சிசு என்று அஞ்சிக் கலைக்க முற்படுவதோ பெரும் பாதகம். கருவின் பாலைக் கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டின் சட்டம் தண்டிக்கிறது.

வீட்டிலுள்ள பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் மகளோ மருமகளோ கலங்கிய முகத்துடன் வந்து நின்றால், விசாரணையைத் தள்ளிவைத்து, அவளுடன் அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள். கொடைக்கானலிலும் பழனியிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பேசத் துணையில்லாதவள் 181 என்ற எண்ணில் மாதர் உதவித் தொலைபேசியை அழைக்கலாம். தீர்மானம் அவளுடையது, அதற்கு வேண்டிய அவகாசத்தை அவளுக்கு வாங்கித் தருவது நமது கடமை.