ஏற்றுமதிப் பெட்டிக்கு எந்தப் பிளைவுட்?

நம்ம சீர்காழிப் பக்கத்துத் தைக்கால் பிரம்புச் சாமான் எடை குறைவு. சுவாமிமலைச் சிலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு மாதிரி கனமான சரக்கு கப்பல் ஏறணும்னா கெட்டியான பெட்டி வேணும்.

மரத்துக்குள் ஒளிஞ்சு பூச்சி நாடு விட்டு நாடு போகக் கூடாதுன்னு 2002-ல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற உலக விதி வந்தது. பலகையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏற்றி 30 நிமிடம் வைக்கணும், அல்லது மருந்துப்புகை போடணும். பிறகு கோதுமைக்கதிர் முத்திரை குத்துவார்கள். பிளைவுட்டுக்கு இது தேவையில்லை. பசை, சூடு, அழுத்தம் கொடுத்துச் செய்யும்போதே பூச்சி செத்துப்போகும்.

ஆனால் பெட்டி மூலையில் அடிக்கிற சட்டமும் அடிக்கட்டையும் சாதா மரம்தானே? அதில் முத்திரை இல்லாவிட்டால் அந்நாட்டுத் துறைமுகத்தில் சரக்கையே திருப்பி அனுப்பலாம். செலவு நம்ம தலையில். முத்திரையைக் கண்ணால் பார்த்துத்தான் காசு கொடுக்கணும்.

பிளைவுட்டில் எம்.ஆர். என்றால் ஓரளவு ஈரம் தாங்கும், பி.டபிள்யூ.ஆர். கொதிதண்ணீரும் தாங்கும். கன்டெய்னருக்குள் பகலில் வெக்கை, ராத்திரியில் வியர்த்துக் கொட்டும். விலை கூடினாலும் கனச் சரக்குக்குப் பின்னதையே நாங்கள் சொல்வோம். பலகை ஓரத்தையும் உற்றுப் பாருங்க. அடுக்குகளுக்கு நடுவே சந்து தெரிந்தால் ஆணி பிடிக்காது.