கொக்கோக் கொட்டையின் ஊதாவும் நம் ஈரலும்

மாத்தளையின் உக்குவளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடி, சாதிக்காய், கிராம்பு ஆகியவற்றோடு நிழல் பார்த்து ஒரு கொக்கோ மரமும் நிற்கும். பழுத்த காய் ஒன்றை உடைத்து, வெள்ளைச் சதையை வழித்துவிட்டு, ஈரக் கொட்டையைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பாருங்கள். பெரும்பாலான மரங்களில் உள்ளே கடும் ஊதாவாக இருக்கும். நாவில் வைத்தால் முதலில் கசக்கும், பிறகு வாய் முழுவதும் துவர்க்கும். அந்த ஊதாவுக்கும் துவர்ப்புக்கும் காரணம் பிளேவனாய்டு என்னும் தாவரப் பொருட்கள். தேயிலைக் கொழுந்திலும் வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை உண்டு.

இவை ஈரலையும் மூளையையும் காக்கும் என்று சொல்லித்தான் இன்று பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். அதில் எவ்வளவு உண்மை?

ஈரலுக்குள் நடப்பது

நாம் உண்ணும் பிளேவனாய்டில் சிறு பங்குதான் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் சின்னச் சின்ன அமிலங்களாக உடைகிறது. உறிஞ்சப்பட்டதும் நேரே ஈரலுக்குத்தான் வருகிறது. ஈரல் அதை வெளியாள் என்றே கருதி, வேறு மூலக்கூறுகளைச் சேர்த்துக் கட்டி, சிறுநீரிலும் பித்தத்திலும் வெளியேற்றிவிடுகிறது. குருதியில் எஞ்சுவது மிகச் சொற்பம்.

ஆகவே, பிளேவனாய்டு உடலுக்குள் போய் நச்சையெல்லாம் உறிஞ்சி எடுக்கிறது என்ற விளம்பரக் கதையை நான் ஏற்கவில்லை. உயிரணுக்களின் சொந்தத் தற்காப்பு நொதிகளை அது தூண்டுகிறது, அழற்சியைத் தணிக்கிறது, குருதிக் குழாய்களைத் தளர்த்துகிறது என்பதே ஆய்வுகள் காட்டும் பாதை. எலிகளுக்கு ஈரலைக் கெடுக்கும் நஞ்சைக் கொடுத்து, கூடவே மூலிகைச் சாறும் கொடுத்தால் பாதிப்பு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இலங்கையில் செங்கமாரிக்குக் குடிக்கும் ஹீன் போவிட்டியா மூலிகையும் இப்படிச் சோதிக்கப்பட்டதுதான். மனிதருக்கு வந்தால் கதை சிக்கலாகிறது. பால் நெருஞ்சிலிலிருந்து எடுக்கும் சிலிபினினை, நச்சுக் காளான் தின்றவர்களுக்கு ஐரோப்பிய மருத்துவமனைகளில் ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். அது வைத்தியரின் கண்காணிப்பில் நடக்கும் அவசரச் சிகிச்சை.

கீழாநெல்லி தரும் பாடம்

1988ல் சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லி வகையொன்றை ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கொடுத்து, முடிவை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரின் குருதியில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. இலையில் கெர்சிட்டின், ரூட்டின் போன்ற பிளேவனாய்டுகள் இருப்பது மெய். இருப்பதாலேயே நோய் தீர்ந்துவிடாது. 2003 முதல் இலங்கையில் குழந்தைகளுக்குப் போடப்படும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி செய்யும் வேலையை எந்த இலையும் செய்வதில்லை.

கிருமியால் வராத இன்னொரு ஈரல் தொல்லையும் இன்று நம்மைச் சூழ்ந்திருக்கிறது: ஈரலில் கொழுப்பு. ராகமையில் நடுவயதினரிடம் செய்த ஆய்வில் நூற்றுக்கு 32 பேருக்கு மேல் இது இருந்தது. உடலுழைப்பு மிகுந்த, வறிய தோட்டப்புற மக்களிடமும் நூற்றுக்கு 18 பேருக்கு இருந்ததாக 2011ல் வெளியான ஆய்வு சொன்னது. உழைக்கிற உடம்புக்கு வராது என்ற நம்பிக்கையை அது உடைத்துவிட்டது.

மூளைக்கு என்ன கிடைக்கிறது

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 50 முதல் 69 வயதுள்ள 37 பேரைக் கொண்டு செய்து 2014ல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் நாளுக்கு 900 மில்லிகிராம் பிளேவனால் என்னும் கொக்கோ பிளேவனாய்டு வகையை எடுத்தவர்களின் நினைவுத்திறன் மேம்பட்டது. நம்பிக்கை தந்த செய்திதான், ஆனால் ஆட்கள் மிகக் குறைவு. 3,562 முதியவர்களிடம் செய்து 2023ல் வெளியான பெரிய ஆய்வில் எல்லோருக்கும் பலன் தெரியவில்லை. அதுவரை பிளேவனாலைக் குறைவாக உண்டு வந்தவர்களிடமே நினைவாற்றல் சற்று உயர்ந்தது. எனக்கு இதுதான் மிக முக்கியமான முடிவாகப் படுகிறது. குறை இருந்த இடத்தை அது நிரப்புகிறது, நிறைந்த இடத்தில் மேலும் குவிப்பதில் பயன் இல்லை.

அப்படியானால் சாக்லேட் தின்னலாமா? மாத்தளைக் கொக்கோவைப் பக்குவப்படுத்தும்போது கொட்டைகளைக் குவித்துப் பல நாள் புளிக்கவைத்து, வெயிலில் காயவைக்கிறார்கள். வாங்குகிறவர் கொட்டையை நீளவாக்கில் வெட்டிப் பார்ப்பார். உள்ளே ஊதா மாறிக் கபிலமாகியிருந்தால்தான் நல்ல சரக்கு. சுவைக்கு அது அவசியம், ஆனால் பிளேவனாலில் பெரும்பங்கு இந்தப் பக்குவத்திலேயே போய்விடுகிறது. வறுப்பதிலும் காரப்பொருள் (அல்கலி) சேர்ப்பதிலும் இன்னும் குறையும். பால் சாக்லேட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் சீனியும் கொழுப்பும்.

சமையலறையில் இருப்பது

வல்லாரைச் சம்பல், முருங்கைக்கீரைச் சுண்டல், சின்ன வெங்காயம், வாழைப்பூ, கொய்யா, பிளேன்டீ. இவையே போதும். பிளேன்டீக்குள் மூன்று கரண்டி சீனி கொட்டினால் ஈரலுக்கு நன்மை எங்கே? சீனியைக் கரண்டி கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். இன்னொன்று: துவர்ப்பைத் தரும் அதே பொருட்கள் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. குருதிச்சோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் காலை ரொட்டியோடு சேர்த்துத் தேநீர் குடிக்காமல், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்க வேண்டும்.

பொடி, மாத்திரை, சாறு

செறிவூட்டிய வடிவங்களில்தான் ஆபத்து. பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளில் நாளுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் அதன் முதன்மைப் பிளேவனாய்டான கேட்டச்சின் உடலுக்குள் போனால் ஈரல் நொதிகள் ஏறுவதாக 2018ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. அதே தேயிலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. மஞ்சள் மாத்திரையாலும் சிலருக்கு ஈரல் கெட்டிருக்கிறது. கறுவாவிலும் கவனம் தேவை: நம் இலங்கைக் கறுவாவில் ஈரலைத் தாக்கும் கூமரின் மிகக் குறைவு, தடித்த பட்டையான கசியாவில் அதிகம்.

சுற்றுலாப் பயணிகளுக்கான வாசனைத் திரவியத் தோட்டங்களிலோ கடையிலோ வாங்கிய பொடி எதையாவது உட்கொண்டுவந்தால், கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் பக்கெற்றையே கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கடும் நிறமானாலோ, வலது விலாவின் கீழ் வலித்தாலோ பொடியை உடனே நிறுத்திவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.