தீப்ஸ் நகரின் ஏழு தெருக்கள்
தெயாத்ரோ ஒலிம்பிக்கோ, விச்சென்சா, இத்தாலி

மேடையின் நடுவாசலுக்குப் பின்னால் நீளும் தெரு கண்ணுக்குத் தோன்றும் அளவு நீளமானதல்ல. சில மீட்டர்களிலேயே முடிந்துவிடுகிறது. தளம் மேல்நோக்கி ஏறுகிறது, உள்ளே போகப்போக வீடுகள் சிறுக்கின்றன. எல்லாம் மரமும் சுதையும்தான். நடிகர் உள்ளே போனால் வீடுகளைவிடப் பெரிதாகிவிடுவார். அதனால் நடிப்பு முன்மேடையில்தான்.

அரங்கை 1580இல் வடிவமைத்த ஆந்திரேயா பல்லாடியோ அதே ஆண்டு மறைந்தார். மேடை வாசல்களுக்குப் பின்னாலுள்ள ஏழு தெருக்களும் வின்செஞ்சோ ஸ்கமோட்சியின் கைவேலை. 1585இல் சோஃபக்ளீஸின் ஈடிப்பஸ் நாடகத்தோடு அரங்கம் திறந்தது. அந்த நாடகத்தின் களமான தீப்ஸ் நகரமாக எழுப்பிய இந்தத் தெருக்கள் இன்றும் அப்படியே நிற்பது பெரும் பேறு.

தன்னைப் பற்றிய உண்மை மட்டும் கண்ணில் படாத ஈடிப்பஸைத்தான் ஃபிராய்டு பின்னாளில் உளப்பகுப்பாய்வின் மையத்தில் வைத்தார். அவர் வழிவந்த ழாக் லக்கான், 1959–60 கருத்தரங்கில் இந்த அரங்கையே குறிப்பிட்டார். தொடக்கத்தில் கட்டடம் ஒரு வெறுமையைச் சுற்றி எழுந்தது. பிறகு ஓவியம், ஆழத்தோற்றம் தரும் பெர்ஸ்பெக்டிவ் விதிகளால் அந்த வெறுமையைத் தட்டையான பரப்பில் பிடித்தது. கடைசியில் கட்டடமே ஓவியத்தின் விதிக்குப் பணிந்தது என்பது அவர் வாதம். இங்கே அது கண்கூடு. ஆழம் சுவருக்குள் இல்லை, பார்ப்பவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. நாம் பார்க்கும் இடத்துக்கு ஏற்பவே வெளி விரிகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கட்டடம் அரிது.

படிவரிசையில் இடம் மாறி உட்கார்ந்து பாருங்கள். எங்கிருந்தாலும் ஒரு தெருவாவது தெரியும்படி ஸ்கமோட்சி அமைத்திருக்கிறார். நடுத்தெரு நேராக விரிவது மையத்தில் அமர்ந்தவருக்கு மட்டுமே.