தண்ணீருக்குள் மூச்சடக்கும் நெல்

வெள்ளம் வடிந்த பின் தமது வயலைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பெரியவர் எம்மிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. “சுவாமி, தண்ணி வத்தின அண்டைக்குப் பயிர் பச்சையாத்தான் நிண்டது. முந்தியிலும் பார்க்க வளந்தும் இருந்தது. மூண்டு நாள் கழிச்சுப் போய்ப் பாத்தால் எல்லாம் சரிஞ்சு வைக்கல் மாதிரிக் கிடக்குது.” அது அவருடைய சொந்தக் காணி அல்ல. ஊரை விட்டு வந்தவருக்கு மேட்டுக் காணியைக் குத்தகைக்குக் கொடுப்பவர் யார்? தண்ணீர் முதலில் ஏறிக் கடைசியாக வடியும் பள்ளக் காணிதான் அவருக்குக் கிடைத்திருந்தது.

தண்ணீருக்குள் வளர்ந்த பயிர், தண்ணீர் போன பிறகு ஏன் செத்தது? அவருடைய கேள்வி இதுதான். அன்று எம்மிடம் சரியான பதில் இருக்கவில்லை. பின்னர் வாசித்துப் பார்த்தபோது, இதே கேள்வியோடு பல ஆண்டுகளைச் செலவிட்ட ஆராய்ச்சியாளர்கள் இருப்பதை அறிந்தோம். அவர்களில் ஒருவர் பமெலா றொனால்ட் என்னும் பெண்மணி. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் தாவர நோய்களையும் தாவரங்களின் பரம்பரையலகுகளையும் ஆராய்பவர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வுகளைப் பற்றி எமது கமக்காரக் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது என்று நினைத்தே இதை எழுதுகிறோம்.

நெல் தண்ணீரில் நிற்கும் பயிர் என்பது எல்லோருக்கும் தெரியும். வேரும் அடித்தண்டும் தண்ணீரில் நிற்கலாம். ஆனால் தலை முழுவதும் மூழ்கினால் பெரும்பாலான நெல்லினங்கள் ஒரு கிழமைக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் வாயுக்கள் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகின்றன. ஆகவே மூழ்கிய பயிருக்குச் சுவாசிக்கக் காற்றுப் போதாது. வெள்ளநீர் கலங்கலாக இருந்தால் வெயிலும் போதாது. உணவு தயாரிக்க முடியாது.

இந்த நெருக்கடியில் பயிரின் உடலில் எதிலீன் என்ற வாயு சேருகிறது. வாழைக்குலையைப் பழுக்க வைப்பதும் இதே வாயுதான். சாதாரண நாளில் அது இலை வழியே வெளியேறிவிடும். தண்ணீருக்குள் வெளியேற வழியில்லாததால் உள்ளேயே தங்கி, “எழும்பு, எழும்பு, தண்ணீருக்கு மேலே தலையை நீட்டு” என்று பயிரை விரட்டுகிறது. பயிரும் தன்னிடம் சேமித்து வைத்திருந்த மாப்பொருள் முழுவதையும் கரைத்து நீளுகிறது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும் வெள்ளத்தில் இது நல்ல உபாயம். வங்காளதேசத்தின் ஆழநீர் நெல்லினங்கள் அப்படித்தான் பிழைக்கின்றன. ஆனால் ஒரே இரவில் ஏறிப் பத்து நாள் நின்று வடியும் வெள்ளத்தில் இதே உபாயம் பயிரைக் கொன்றுவிடுகிறது. தண்ணீர் வற்றும்போது பயிரிடம் கையிருப்பு ஒன்றுமில்லை. மெலிந்து நீண்ட தண்டு நிற்க மாட்டாமல் சரிகிறது. பெரியவர் கண்டது இதைத்தான்.

இப்படி விரயம் செய்யாத நெல்லினங்களும் உண்டு. இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் வெள்ளப் பள்ளங்களில் விதைத்து வந்த உள்ளூர் நெல் ஒன்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட ‘எப்.ஆர். 13 ஏ’ என்னும் இனம், தலை மூழ்கி இரண்டு கிழமை வரை கிடந்தாலும் மீண்டும் துளிர்க்கும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1970களில் உலகெங்குமிருந்து சேர்த்த நெல்லினங்களை மூழ்கடித்துப் பரிசோதித்தபோது, தாக்குப்பிடித்த மிகச் சிலவற்றுள் இதுவும் ஒன்று. அந்தச் சிலவற்றுள் எமது இலங்கை மண்ணின் நெல்லினங்களும் இருந்தன என்பதை வாசித்தபோது நாம் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். கொடஹீனட்டி, தவலு, குர்கறுப்பன் என்று அவற்றின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. குர்கறுப்பன் என்பது ஆங்கில ஏட்டில் எழுதியிருப்பதை நாம் வாசித்த விதம். மொட்டைக்கறுப்பனைத் தெரிந்த எமது வாசகர்களுக்குப் பெயரின் பின்பாதியை விளக்க வேண்டியதில்லை. இவற்றைப் பேணி வைத்திருந்தவர்கள் ஆய்வுகூடங்களில் இருந்தவர்கள் அல்லர். பள்ளக் காணியில் வேறெதுவும் தப்பாது என்று கண்டு, தப்பியதன் கதிரை அடுத்த விதைப்புக்கு எடுத்து வைத்த கமக்காரர்களே.

ஆனால் எப்.ஆர். 13 ஏ குறைந்த விளைச்சல் தரும் இனம். நல்ல விளைச்சல் தரும் இனங்களோடு அதைக் கலந்து பார்த்தபோது, வெள்ளத்தைத் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. அப்படி உருவான இனங்களைக் கமக்காரர் விரும்பவில்லை. வேண்டிய ஒரு குணத்தை மட்டும் பிரித்தெடுக்க, அது பயிரின் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். 1996இல் டேவிட் மக்கில், அவருடைய மாணவரான கெனோங் சூ ஆகிய இருவரும், அந்தக் குணத்தின் பெரும்பகுதி நெல்லின் 12 நிறமூர்த்தங்களுள் ஒன்பதாவதில் ஓரிடத்தில் இருப்பதாக வெளியிட்டார்கள். அதற்குப் பின் சரியாகப் பத்து ஆண்டுகள். றொனால்டும், ஜூலியா பெய்லி-செரெஸ் என்னும் மற்றொரு பெண் ஆராய்ச்சியாளரும், சர்வதேச நெல் நிலையத்தாரும் சேர்ந்து உழைத்து, 2006 ஆகஸ்டில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அந்தப் பரம்பரையலகு இன்னதென்று அறிவித்தார்கள். ‘சப்-1ஏ’ என்று அதற்குப் பெயர். அதைத் தண்ணீர் தாங்காத ஒரு நெல்லினத்துக்குள் செலுத்திப் பார்த்தபோது அதுவும் தாங்கியது. அதன் பிறகே, இதுதான் அது என்று உறுதி சொன்னார்கள்.

இந்தப் பரம்பரையலகு செய்யும் வேலை எமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எதிலீன் சேர்ந்தவுடன் இதுவும் விழித்துக்கொள்கிறது. ஆனால் “எழும்பு” என்று சொல்லாமல் “அடங்கியிரு” என்கிறது. வளர்ச்சியைத் தூண்டும் ஜிபரெலின் என்னும் ஓமோனின் செயலைக் கட்டுப்படுத்தி, மாப்பொருளைச் செலவிடாமல் வைத்திருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் அந்தக் கையிருப்பைக் கொண்டு பயிர் புதுக்குருத்து விடுகிறது.

அடுத்து நடந்ததுதான் வயலுக்கு வந்த பயன். கிழக்கிந்தியாவில் மிகப் பலர் விரும்பி விதைக்கும் ‘சுவர்ணா’ நெல்லோடு, இந்தக் குணமுள்ள நெல்லைக் கலந்து, பிறந்த நாற்றுகளைத் திரும்பத் திரும்பச் சுவர்ணாவோடேயே கலந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலையைப் பரிசோதித்து, சப்-1ஏ உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். முடிவில் கிடைத்தது விளைச்சலிலும் மணியிலும் சுவர்ணாவே. வெள்ளம் வந்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். 2009இல் இந்தியாவில் அது கமக்காரருக்கு விடப்பட்டது. இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆய்வுகூடத்தில் உண்மையை நிரூபிக்கப் பரம்பரையலகைச் செலுத்தினார்களே தவிர, வயலுக்குக் கொடுத்த நெல் மகரந்தக் கலப்பினால் உண்டானது. கலப்பின விதை போல் ஒவ்வொரு போகமும் புதிதாக வாங்க வேண்டியதுமில்லை. அறுத்த நெல்லிலிருந்தே விதைநெல் எடுக்கலாம்.

ஒடிசாவின் பத்ரக், பாலசோர் மாவட்டங்களில் 128 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. வயல் பத்து நாள் மூழ்கிய இடங்களில், இந்த நெல் சாதாரண சுவர்ணாவைவிட ஏறக்குறைய 45 வீதம் கூடுதலாக விளைந்தது. வெள்ளம் வராத இடங்களில் எந்தக் குறையும் இல்லை. இதில் எம்மை நெடுநேரம் யோசிக்க வைத்தது வேறொரு செய்தி. அங்கே வெள்ளம் அதிகம் தேங்கும் தாழ்ந்த காணிகள் பெரும்பாலும் சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களிடமே இருந்தன. ஆகவே இந்த விதையின் நன்மையும் அவர்களுக்கே கூடுதலாகப் போய்ச் சேர வாய்ப்பிருந்தது. எளியவனுக்கு ஏன் எப்போதும் பள்ளக் காணியே வாய்க்கிறது என்ற கேள்வியை ஒரு விதைநெல் தீர்த்து வைக்காதுதான். என்றாலும், புதிய கண்டுபிடிப்பு எதுவானாலும் முதலில் பெரிய கமக்காரரின் வளவுக்கே போவதைப் பார்த்துப் பழகிய எமக்கு இது அபூர்வமான செய்தி.

அதே கிராமங்களில் தொடர்ந்து செய்த ஆய்வு 2016இல் வந்தது. இந்த விதை கிடைத்தவர்கள் கூடுதலான நிலத்தை விதைத்தார்கள், பசளை கூடுதலாகப் போட்டார்கள், கடன் வாங்கவும் துணிந்தார்கள். எல்லாம் போய்விடும் என்ற பயம் குறைந்தால் மனிதன் நிலத்தில் கை வைக்கிறான். ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்கு அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

இந்த நெல்லுக்கும் எல்லை உண்டு. தண்ணீர் இரண்டு கிழமையைத் தாண்டினால் இதுவும் அழியும். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் காப்பாற்றாது. முழங்காலளவு தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் வயலுக்கும், உவர்நீர் ஏறும் வயலுக்கும் இந்தக் குணம் மருந்தல்ல. “வெள்ளத்துக்கு விதை வந்திருக்கு” என்று யாராவது விற்க வந்தால், எத்தனை நாள், எந்தப் பருவத்தில் என்று கேட்டே வாங்குங்கள்.

றொனால்டின் வேறொரு ஆய்வையும் சொல்லாமல் விட மனமில்லை. 1995இல் அவருடைய குழு, இலைகளை வெளிறவைத்துக் கருக்கும் பற்றீரியா நோயை எதிர்க்கும் ‘எக்ஸ்ஏ-21’ என்ற பரம்பரையலகை அறிவித்தது. அது வந்த மூலம் ஆபிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பல்கலைக்கழகம் காப்புரிமை கோரியபோது, மாலி மக்களுக்கு என்ன பங்கு என்ற கேள்வி எழுந்தது. றொனால்டும் ஒரு சட்டப் பேராசிரியரும் முயன்று, கம்பனிகள் தரும் பணத்தில் ஒரு பகுதி விதை வந்த நாட்டு மாணவர்களின் படிப்புக்குப் போகும்படி 1996இல் ஒரு நிதியம் அமைத்தார்கள். கம்பனிகள் அந்தப் பரம்பரையலகைச் சந்தைக்குக் கொண்டுவராததால் எதிர்பார்த்த பணம் வரவில்லை. நோக்கம் நல்லது, ஆனால் நீதியைக் கம்பனியின் இலாபத்தில் கட்டி வைத்தால் இப்படித்தான் ஆகும் என்பது எமது எண்ணம்.

பின்னர் 2009இல், அந்த நோய்க்கிருமியின் எந்தப் பொருளை நெல் அடையாளம் கண்டு எதிர்க்கிறது என்று அவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அதே பரிசோதனையைச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. தேடிப் பார்த்ததில், சில பற்றீரியாக் குப்பிகளில் பெயர்ச்சீட்டு மாறியிருந்தது தெரிந்தது. றொனால்ட் அதை மறைக்கவில்லை. சக ஆராய்ச்சியாளர்கள் கூடிய மாநாட்டில் எழுந்து சொன்னார். 2013இல் அந்தக் கட்டுரையையும் அதைச் சார்ந்த இன்னொன்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு முதலிலிருந்து தொடங்கி, 2015இல் உண்மையான பொருளைக் கண்டு அறிவித்தார்கள். விதைநெல் மூட்டையில் சீட்டு மாறினால் ஒரு போகமே பாழாகும் என்று அறிந்தவர்கள் நாங்கள். தவறை அறிந்தவுடன் வாய் திறந்து சொல்பவர்களை நாம் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்?

பரம்பரையலகு மாற்றிய பயிர்களைப் பற்றி இவர் கொண்டிருக்கும் நம்பிக்கை எல்லாவற்றையும் நாம் பகிர்ந்துகொள்ளவில்லை. இவருடைய கணவரோ இரசாயனம் சேர்க்காத இயற்கை விவசாயி. இருவரும் சேர்ந்து 2008இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் இரண்டு கருத்துகளும் சமைத்துச் சாப்பிடுகின்றன போலும்.

பெரியவரின் கேள்விக்குத் திரும்புவோம். வெள்ளம் வடிந்த உடனே யூரியாவை எறிய அவசரப்படாதீர்கள். அந்த நேரத்தில் பயிருக்கு அதை எடுக்கத் தெம்பில்லை. சில நாட்கள் பொறுத்து, பயிரைப் பிடுங்கி அடித்தண்டைக் கீறிப் பாருங்கள். நடுக்குருத்து வெள்ளையாக, கடினமாக இருந்தால் உயிர் இருக்கிறது. அழுகி மணந்தால் இல்லை. புது இலை விட்ட பிறகு, ஏறக்குறைய ஒரு கிழமை சென்று, பசளை போடலாம். உங்களில் யாரிடமாவது பள்ளத்தில் தப்பிய பழைய நெல் ஒரு சுண்டு அளவாவது இருந்தால், அதைக் குற்றிவிடாதீர்கள். பெயரை எழுதி, உலர்த்தி, வேறாக வைத்து, எமக்கு அறிவியுங்கள்.