மலையில் மறைத்த தங்கப் பெட்டி! தேடிப்போன 5 பேர் சாவு

கிழவர் போட்ட விடுகதையால் 10 ஆண்டு அலைந்த கூட்டம்

அமெரிக்காவில் ஒரு கிழவர் மலையில் தங்கப் பெட்டியை ஒளித்து வைத்தார். யார் கண்ணில் படுகிறதோ அவருக்கே சொந்தம் என்று அறிவித்தார்.

அதைத் தேடி ஆயிரக்கணக்கான பேர் மலை ஏறினார்கள். 5 பேர் உயிரை விட்டார்கள். சிலர் ஜெயிலுக்குப் போனார்கள்.

யார் இந்தக் கிழவர்?

அவர் பெயர் பாரஸ்ட் ஃபென். நியூ மெக்சிகோ மாநிலம் சாண்டா ஃபே நகரில் இருந்தவர். வியட்நாம் போரில் போர் விமானம் ஓட்டியவர். பிறகு கலைப்பொருள் வியாபாரத்தில் இறங்கி பெரும் பணக்காரர் ஆனார்.

1988-ல் அவருக்கு சிறுநீரகத்தில் புற்றுநோய் வந்தது. பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். மனதுக்குப் பிடித்த ஒரு மலையோரத்துக்கு தங்கத்தோடு போய், அங்கேயே கண்ணை மூடிவிடுவது என்று ஃபென் திட்டம் போட்டார்.

ஆனால் ஆள் பிழைத்துக்கொண்டார். திட்டம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. 80 வயது வாக்கில் பெட்டியை ராக்கி மலைப் பகுதியில் மறைத்துவிட்டு வந்தார்.

பெட்டியில் என்ன?

10 அங்குலச் சதுர வெண்கலப் பெட்டி அது. உள்ளே தங்கக் காசு, தங்கக் கட்டி, மாணிக்கம், மரகதம், வைரம். மொத்த எடை சுமார் 19 கிலோ. ஒரே தடவையில் தூக்க முடியாமல் 2 நடையாகக் கொண்டுபோனார்.

2010-ல் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் 24 வரிப் பாட்டு ஒன்று. பாட்டுக்குள் 9 துப்பு. அப்புறம் கேட்க வேண்டுமா? கிளம்பிவிட்டது கூட்டம்!

அடுத்தடுத்து சாவு

2016 ஜனவரியில் ஒருவர் தன் நாய்க்குட்டியோடு ரியோ கிராண்டே ஆற்றில் ரப்பர் படகில் போனார். படகும் நாயும் கிடைத்தன. அவரைக் காணோம். ஜூலையில்தான் உடல் கிடைத்தது.

2017 கோடையில் மட்டும் 3 பேர் செத்தார்கள். 2 பேரை ஆறு கொண்டுபோனது. இன்னொருவர் யெல்லோஸ்டோன் பூங்காவில் செங்குத்தான மலைச்சரிவில் 500 அடி உருண்டு இறந்தார்.

2020 மார்ச்சில் யூட்டா எல்லைப் பக்கம் பனியில் 2 பேர் சிக்கினார்கள். அதே பகுதியில் சில வாரம் முன்புதான் அவர்களை மீட்புப் படையினர் காப்பாற்றி இருந்தார்கள். இந்த முறை ஒருவர்தான் உயிரோடு வந்தார்.

80 வயது ஆள் சுமையோடு போக முடியாத இடத்துக்கு நீங்களும் போகாதீர்கள் என்று ஃபென் பல தடவை சொன்னார். யார் காதில் விழுந்தது? தேடலை நிறுத்தச் சொல்லுங்கள் என்று நியூ மெக்சிகோ போலீஸ் தலைவர் 2017-ல் ஃபென்னைக் கேட்டுக்கொண்டார். அவரும் நிறுத்தவில்லை.

கல்லறையைத் தோண்டியவர்

யூட்டா ஆசாமி ஒருவர் யெல்லோஸ்டோனில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தையே தோண்டிப் பார்த்தார். 2021-ல் அவருக்கு 6 மாதம் ஜெயில். நஷ்ட ஈடாக 31 ஆயிரம் டாலருக்கு மேல் கட்டச் சொன்னது கோர்ட்டு.

கிடைத்தது யாருக்கு?

2020 ஜூன் 6-ந்தேதி வயோமிங் மாநிலத்தில் பெட்டி சிக்கியது. எடுத்தவர் 32 வயது மருத்துவ மாணவர். மலை உச்சியில் தொங்கியவர் அல்ல. ஃபென் பேசியது, எழுதியது எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்து, ஆளின் குணத்தைப் புரிந்துகொண்டு இடத்தைக் கணித்தவர். 2 ஆண்டு பொறுமையாகத் தேடினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபென் 90 வயதில் காலமானார். 2022 டிசம்பரில் நடந்த ஏலத்தில் பெட்டியில் இருந்த பொருள்கள் சுமார் 13 லட்சம் டாலருக்குப் போயின. சரியான இடத்தை ஃபென்னும் சொல்லவில்லை. கூட்டம் கூடி இடம் பாழாகும் என்று மாணவரும் சொல்ல மறுத்தார்.

இத்தோடு முடிந்ததா? இல்லை. ஃபென் பெட்டியைத் தேடி அலைந்த ஒருவர், தானும் ஒரு புதையலை மறைத்து வைத்திருப்பதாக 2025-ல் புத்தகம் போட்டு அறிவித்தார். மறுபடியும் மூட்டை கட்டிக் கிளம்பியது கூட்டம்!