பிரயோக மென்பொருட் பதிவேடு: அதன் அமைப்பும் பயனும்

பாடசாலையொன்றில் மாணவன் ஒருவன் சேர்ந்த அன்றே அவன் பெயர் சேர்விடாப்பிலே பதியப்படும். விலகும்போது விலகிய திகதியும் அதற்கெதிரே குறிக்கப்படும். இடைப்பட்ட நாள்களில் வகுப்பாசிரியர் காலைதோறும் வரவிடாப்பை எடுத்துப் பெயர் கூறி அழைக்கின்றார். முன்னையது பதிதல், பின்னையது கண்காணித்தல். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தாலன்றி, இன்று தம் பாடசாலையில் எத்தனை பேர் உளர் என்பதனை அதிபர் உறுதியாகக் கூறவியலாது. இக்காலத்துப் பெரிய நிறுவனங்களும் தம் கணினிகளில் இயங்கும் பிரயோக மென்பொருள்களைப் பொறுத்து இவ்விரு கடமைகளையும் உடையன. அவற்றின் இயல்பினையும், அவற்றிற் குறை நேரின் விளையும் கேட்டினையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சம்பளம் கணித்தல், பண்டங்களின் இருப்பைக் குறித்தல், வாடிக்கையாளரின் முறைப்பாடுகளைப் பெறுதல் முதலாய ஒவ்வொரு கருமத்தையும் ஆற்றுதற்கென அமைந்த மென்பொருளே பிரயோக மென்பொருள் எனப்படும். சிறிய நிறுவனமொன்றில் இவை சிலவாகவே இருக்கும். ஒருவருடைய நினைவே பதிவேடாக உதவும். பெரிய நிறுவனத்தின் நிலை அத்தகையதன்று. பகுதிகள் தத்தமக்கு வேண்டியவற்றைத் தாமே வாங்குகின்றன. வேறொரு நிறுவனத்தை விலைக்கு வாங்கும்போது அதன் மென்பொருள்களும் உடன் வந்து சேர்கின்றன. ஒன்றை ஆக்கியவர் ஓய்வு பெற்றுச் செல்ல, அவர் ஆக்கியது மாத்திரம் தொடர்ந்து இயங்குகின்றது. அன்றியும், மாதச் சந்தா செலுத்தி இணையவழியே பயன்படுத்தத்தக்க மென்பொருள்கள் பல இன்று கிடைத்தலின், கணினிப் பகுதியார் அறியாமலே ஊழியர் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கிவிடுகின்றனர். ஆகவே, 'எம்மிடம் உள்ளவை யாவை?' என்னும் எளிய வினாவுக்கும் விடை கூறுதல் அரிதாகின்றது.

இவ்வினாவுக்கு விடையின்மையால் விளைந்த கேட்டிற்கு ஈக்குவிபக்ஸ் நிறுவனத்தின் வரலாறு தக்க சான்றாகும். மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் இவ்வமெரிக்க நிறுவனம், பொதுமக்கள் தம் விவரங்களிலுள்ள பிழைகளை முறையிடுதற்கு இணையவாயில் ஒன்றினை நடத்திவந்தது. அதன் அகத்தே 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்னும் மென்பொருட்கூறு அமைந்திருந்தது. 2017 மார்ச் மாதத் தொடக்கத்தில் அக்கூறிலே பாரதூரமான ஒரு குறை உண்டென்பது வெளியிடப்பட்டது. அதனை நீக்கும் திருத்தமும் உடன் கிடைத்தது. மார்ச் 9 ஆம் திகதி, 48 மணி நேரத்துள் திருத்துக என்னும் பணிப்பு அந்நிறுவனத்தின் உள்ளே நானூற்றுக்கு மேற்பட்டோருக்கு அனுப்பப்பட்டது. ஆயின், பெறுவோர் பட்டியல் பழையதாயிருந்தமையால், திருத்த வேண்டிய பொறுப்புடையாரை அப்பணிப்புச் சென்றடையவில்லை. எம்மென்பொருளில் எக்கூறு உண்டு எனக் காட்டும் நிறைவான பதிவேடும் அங்கு இருக்கவில்லை. சில நாள்களின் பின் நடத்திய தேடுதலிலும் அவ்வாயில் அகப்படவில்லை.

மே மாத நடுப்பகுதியில் அவ்வழியே புகுந்த திருடர் ஜூலை இறுதிவரை உள்ளேயே உலாவினர். வலையமைப்பிற் செல்வனவற்றைச் சோதித்தற்கு வைத்த கருவியும் அக்காலத்தில் பயன்படவில்லை; அதற்குரிய எண்ணியற் சான்றிதழ் பல மாதங்களின் முன்னரே காலாவதியாகியிருந்தது. அதனைப் புதுப்பித்த பின்னரே திருட்டுப் புலப்பட்டது. ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் அந்தரங்க விவரங்கள் களவாடப்பட்டன. எச்சரிக்கை கிடைத்தது; மருந்தும் கிடைத்தது; நோயாளி யார் என்பதே தெரியாதிருந்தது.

இதிலிருந்து பதிவேட்டில் அமைய வேண்டுவன யாவை என்பது பெறப்படும். மென்பொருளின் பெயர், அது ஆற்றும் கருமம், அதன் பதிப்பு, அது இயங்கும் சேவையகம், அது கையாளும் தரவு, அதனோடு தொடர்புடைய ஏனைய மென்பொருள்கள், அனுமதிப்பத்திரங்களின் தொகை, ஆக்கியோர் ஆதரவை நிறுத்தும் திகதி என்பன வேண்டும். அதன் உட்கூறுகளின் பட்டியலும் வேண்டும். அமெரிக்க அரசு, தனக்கு மென்பொருள் விற்போரிடம் இத்தகைய பட்டியலைப் பெறுதல் பற்றி 2021 மே மாதத்திற் பிறப்பித்த ஆணையொன்றில் வகுத்துரைத்தது. இவை அனைத்தினும் தலையாயது பொறுப்பாளர் பெயராகும். 'கணினிப் பகுதி' என எழுதுதல் போதாது. ஒரு பகுதியின் பொறுப்பு எவருடைய பொறுப்பும் ஆகாது போதல் கூடும்.

இனிக் கண்காணித்தலை நோக்குவாம். பதிவேடு எழுதிய மறுநாளே பழையதாகத் தொடங்குகின்றது. ஆதலின் அதனைப் பிற சான்றுகளோடு ஒப்பிடுதல் வேண்டும். வலையமைப்பைத் துருவிப் பார்க்கும் கருவிகள் உண்மையில் இயங்குவனவற்றைக் காட்டும்; கணக்குப் பகுதியின் கொடுப்பனவுகள் எவற்றிற்குப் பணம் செலவாகின்றது என்பதனைக் காட்டும். ஓரிடத்திற் காணப்படுவது மற்றோரிடத்தில் இல்லையாயின், ஆங்கு ஆராய வேண்டிய கருமம் ஒன்றுண்டு. ஒருவரும் பயன்படுத்தாத மென்பொருளுக்கு ஆண்டுதோறும் பணம் செலுத்திவருதலும் இவ்வழியே வெளிப்படும். இக்காரணம் பற்றியே அமெரிக்க அரச திணைக்களங்கள் தம் மென்பொருள் அனுமதிப்பத்திரங்களின் பட்டியலைப் பேண வேண்டுமென 2016 இல் அந்நாட்டிற் சட்டம் இயற்றப்பட்டது.

சேர்தலைப் பதிதல் போன்றே விலகலைப் பதிதலும் இன்றியமையாதது. நைற் கப்பிற்றல் என்னும் அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம் 2012 இல் புதிய நிரலொன்றினை எட்டுச் சேவையகங்களில் நிறுவ முற்பட்டது. அவற்றுள் ஒன்று தவறவிடப்பட்டது. 2003 இலே கைவிடப்பட்ட பழைய நிரலொன்று நீக்கப்படாது அதில் எஞ்சியிருந்தது. ஆகஸ்ட் 1 ஆம் திகதி சந்தை திறந்ததும் அது விழித்தெழுந்து, முக்கால் மணி நேரத்தில் வேண்டாத கட்டளைகளை இலட்சக்கணக்கிற் பிறப்பித்து, 46 கோடி டொலருக்கு மேற்பட்ட நட்டத்தை விளைவித்தது. வழக்கொழிந்தது என்று கருதப்படுவது வேறு; நீக்கப்பட்டது வேறு.

பதிவேடு பேணுதல் வெறும் எழுத்துவேலை என்று சலித்துக்கொள்வோர் உளர். பரிசோதகர் வருமுன்னாள் இரவோடிரவாக நிரப்பப்படும் இடாப்பைக் கண்டவர்க்கு அச்சலிப்பு இயல்பே. அத்தகைய இடாப்பு இல்லாத இடாப்பினும் தீயது. இல்லாத உறுதியை உண்டென்று அது காட்டுகின்றது. ஆயினும், ஈக்குவிபக்ஸில் விவரம் இழந்தோருட் பெரும்பாலார் அந்நிறுவனத்தைத் தாமாக நாடிச் சென்றவரல்லர். அவர்தம் விவரங்கள் பிறரால் ஆங்குச் சேர்க்கப்பட்டன. தம்மை அறியாதாரின் உடைமையைக் காத்து நிற்போர், தம்மிடம் உள்ளது யாது, அதற்குப் பொறுப்பாளர் யார் என்னும் இரண்டனையுமேனும் அறிந்திருத்தல் கடனாகும். காலையிற் பெயர் கூறி அழைக்கும் ஆசிரியர் செய்வதும் அதுவேயாம்.