பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா செல்வோருக்கு: குறுகிய கால விசா பற்றிய சில விளக்கங்கள்

எமது மீள்குடியேற்றக் கிராமங்களில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் இறைக்கும் ஒரு தாயின் மகள் சுவிற்சர்லாந்திலோ, மகன் ஜேர்மனியிலோ இருப்பது இன்று புதினமான விடயமல்ல. மகளின் பிரசவத்துக்கு உதவ வேண்டும், பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும், உடன்பிறந்தவரின் செத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று தேவைகள் எழுகின்றன. இத்தகைய தேவையோடு எம்மிடம் வருபவர்களில் அநேகர், ஏற்கனவே யாரோ ஒரு முகவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, விசா மறுக்கப்பட்ட கடிதத்தையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்கள். அக்கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதென்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

அவர்களுள் ஒரு கமக்காரத் தம்பதியினரை நாம் மறக்க முடியாது. மகளின் பிள்ளைப்பேற்றுக்காகப் போக விரும்பினார்கள். வங்கியிற் பெருந்தொகை காட்டினாலே விசா கிடைக்கும் என்று முகவர் சொன்னதை நம்பி, நகைகளை ஈடு வைத்து, மிகுதியை வட்டிக்கு வாங்கி, விண்ணப்பிப்பதற்கு ஒரு கிழமைக்கு முன் கணக்கிற் போட்டார்கள். விசா மறுக்கப்பட்டது. கோவையை நாம் வாங்கிப் பார்த்தபோது, அவர்கள் செய்கை பண்ணும் நான்கு ஏக்கர் வயலைப் பற்றியோ, பட்டியில் நிற்கும் மாடுகளைப் பற்றியோ அதில் ஒரு வரிகூட இருக்கவில்லை. கமம் என்று எழுதினால் ஏழைகள் என்று நினைத்துவிடுவார்களாம். அந்த ஐயா எம்மைக் கேட்டார்: "சுவாமி, வயலை வெள்ளைக்காரனுக்குக் காட்டி என்ன பிரயோசனம்?" பிரயோசனம் உண்டு. அதை விளக்குவதற்கே இக்கட்டுரை.

முதலில், எந்த நாடுகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து, நோர்வே, சுவிற்சர்லாந்து உட்பட 29 நாடுகள் ஷெங்கன் என்ற ஒரே ஏற்பாட்டுக்குள் இருக்கின்றன. சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் 2008 டிசம்பர் முதல் இதில் சேர்ந்துள்ளது. இவற்றுள் ஒரு நாடு வழங்கும் குறுகிய கால விசாவுடன் பொதுவாக மற்ற நாடுகளுக்கும் போய்வரலாம். பிரித்தானியாவும் கனடாவும் இதிற் சேராதவை. லண்டனுக்குப் போக வேறு விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்கப்போகிறீர்களோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். சூரிச்சில் உள்ள மகளிடம் போவதற்கு, இலகுவாகத் தருவார்கள் என்று யாரோ சொன்னதற்காக வேறொரு நாட்டிடம் விண்ணப்பிப்பது, விசாரணையில் முதற் கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்ளும் வேலை.

விசா உத்தியோகத்தர் மூன்று விடயங்களைப் பார்க்கிறார். ஏன் போகிறீர்கள், செலவை யார் பார்ப்பார், திரும்பி வருவீர்களா? முதலிரண்டுக்கும் பிள்ளைகள் அங்கிருந்து அனுப்பும் கடிதங்கள் பெருமளவு விடையளிக்கும். மூன்றாவதுதான் எமது மக்களைத் தடுக்கிறது. இடம்பெயர்ந்தவர்கள், வயதானவர்கள், மாதச் சம்பளம் இல்லாதவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள்: காகிதத்திற் பார்த்தால் இவர்களைத் திருப்பி இழுக்க ஊரில் எதுவும் இல்லை என்று தோன்றும். உண்மை அதற்கு மாறானது. தன் மண்ணுக்குத் திரும்புவதற்காக இருபது வருடம் முகாமிலும் உறவினர் வீட்டிலும் காத்திருந்த ஒருவரை விட மண்ணோடு கட்டுண்டவர் யார்? ஆனால் அந்தக் கட்டு காகிதத்தில் வர வேண்டும்.

காணி உறுதி இருந்தால் அது முதலிடம் பெறும். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பதியப்பட்ட உறுதியின் உறுதிப்படுத்திய பிரதியைக் காணிப் பதிவகத்திற் பெறலாம். அரச காணியாயின் அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப்பத்திரம். இவை எதுவுமே இல்லாமல் செய்கை பண்ணுபவர்களும் எம்மிடையே பலர். அவர்கள் கமநல சேவைகள் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள விவசாயக் காணி இடாப்பில் உங்கள் பெயர் இருக்குமாயின், எந்த வயல், எத்தனை ஏக்கர், செய்கை பண்ணுபவர் யார் என்பதை உறுதிப்படுத்தும் கடிதமொன்றைக் கேளுங்கள். கமக்காரர் அமைப்பின் உறுப்புரிமை, நெல் விற்ற பற்றுச்சீட்டுகள், கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் கொடுத்த புத்தகம், விவசாயக் கடனைத் தவணைப்படி கட்டிய பதிவு ஆகிய யாவும் பெறுமதியானவை. காணி இன்னும் படையினர் வசமிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். உரிமை கோரிப் பதிவு செய்த விபரத்தைப் பிரதேச செயலகத்திலிருந்து எழுத்திற் பெறுங்கள். கிராம அலுவலரின் சான்றிதழிற் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இருக்கட்டும். தமிழில் உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் மாற்ற வேண்டும். ஊரில் தங்கியிருக்கும் வாழ்க்கைத் துணை, பாடசாலை செல்லும் பிள்ளை, பராமரிக்க வேண்டிய வயோதிபர் ஆகியோரைப் பற்றியும் எழுதுங்கள்.

பயணக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர்ப்பாசனக் குளத்தை நம்பாத, மானாவாரி வயல் செய்பவர் காலபோக அறுவடை முடித்து மார்ச்சில் புறப்பட்டு, விதைப்புக்கு வெகு முன்பே மே மாதத்தில் திரும்புவதாக எழுதினால், அந்தத் திகதிகளே திரும்பி வருவதற்கான காரணத்தைச் சொல்லும். ஒக்டோபரில் விதைப்பு வேளையில் மூன்று மாதம் போவதாக எழுதிவிட்டுத் தன்னைக் கமக்காரன் என்று சொல்பவரை நாமே நம்பமாட்டோம்.

வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, கடைசி மாதங்களின் கூற்றைக் கேட்கிறார்கள். சிறிய தொகையானாலும், அறுவடைக் காலத்தில் ஏறி உரத்துக்கும் உழவுக்கும் இறங்கும் கணக்கு, கமக்காரனின் கணக்காகவே தெரியும். ஒரே நாளில் வந்து விழுந்த இலட்சங்கள் கடன் வாங்கியவை என்பதும் அப்படியே தெரியும். செலவைப் பிள்ளைகள் பொறுப்பேற்க முடியும். அதற்கு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முறை உண்டு. ஜேர்மனியில் வசிக்கும் மகன் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். பிரான்ஸில் நகரசபையில் வரவேற்புச் சான்றிதழ் பெற வேண்டும். சுவிற்சர்லாந்தில் 30,000 பிராங் வரையான பொறுப்பைக் கேட்கலாம். நீங்கள் அங்கு ஆஸ்பத்திரியிற் படுத்தால், அல்லது திரும்பாமல் நின்றால், அந்தச் செலவு கையொப்பமிட்ட பிள்ளையின் தலையில் விழும். இதைப் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, பெயர் விடயம். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து, கடவுச்சீட்டில் மூன்றாவது எழுத்து, பிள்ளையின் ஐரோப்பியப் பத்திரங்களில் நான்காவது எழுத்து என்று எம்மவரின் பெயர்கள் ஆங்கிலத்திற் படும் பாடு சொல்லி முடியாது. தந்தையின் பெயர் அங்கு குடும்பப் பெயராகிவிடுவதால், தாயும் மகளும் உறவினர் என்பதையே நிரூபிக்க வேண்டியதாகிறது. மகளின் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் விவாகச் சான்றிதழையும் கட்டாயம் சேர்த்து, எழுத்து வேறுபாட்டுக்கு ஒரு சத்தியக் கடதாசியும் வையுங்கள். போரில் அழிந்த சான்றிதழ்களை எடுக்க மாதங்கள் ஆகலாம். அழைப்பு வந்த பிறகு ஓடித் திரியாதீர்கள்.

கடவுச்சீட்டு, ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளின் பின் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். கடந்த 10 ஆண்டுகளுள் வழங்கப்பட்டதாகவும், இரு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்புறுதி அவசியம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குப் பிந்தக் கூடாது. தீர்மானத்துக்கு வழமையாக 15 நாள், சில வேளை 45 நாள். கட்டணம் 2024 யூன் 11 முதல் 90 யூரோ. 6 முதல் 11 வயதுவரையான பிள்ளைகளுக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. மறுத்தாலும் இப்பணம் திரும்பாது. விண்ணப்பத்தை வாங்கும் நிலையத்துக்கு வேறாகச் சேவைக் கட்டணம் உண்டு. ஆனால் அந்த நிலையத்தில் இருப்பவர்கள் எதையும் தீர்மானிப்பவர்களல்லர்; தமக்கு உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்லும் முகவரை அதைக் கொண்டே அளந்துகொள்ளலாம். கைவிரல் அடையாளம் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும் எடுக்கப்படும். அதுவும் உங்கள் விண்ணப்ப விபரமும் 29 நாடுகளும் பார்க்கக்கூடிய ஒரே கணினியில் ஐந்தாண்டு வரை இருக்கும். போலிப் பத்திரம் ஒன்று பிடிபட்டால், நாடு மாறி விண்ணப்பித்துத் தப்ப முடியாது.

மறுப்புக் கடிதம் ஓர் அச்சிட்ட படிவம். அதிற் காரணங்களுக்கு எதிரே அடையாளம் இடப்பட்டிருக்கும். செலவுக்குப் போதிய வசதி காட்டப்படவில்லை, பயண நோக்கம் தெளிவில்லை, விசா முடியுமுன் வெளியேறும் எண்ணத்தில் நியாயமான சந்தேகம் உண்டு என்பவை எம்மவர்க்கு அடிக்கடி வருபவை. எந்தக் காரணமென்று தெரியாமல் அதே கோவையை மீண்டும் கொடுப்பது கட்டணத்தைக் கடலிற் போடுவதாகும். மறுப்புக்கு எதிராக முறையிடும் உரிமை சட்டத்தில் உண்டு. எங்கே, எத்தனை நாட்களுக்குள் என்பதும் அப்படிவத்திலேயே இருக்கும். சுவிற்சர்லாந்தைப் பொறுத்தவரை 30 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஜேர்மனியோ, தூதுவராலயத்திடமே மறுபரிசீலனை கேட்கும் பழைய வழியை 2025 யூலை 1 முதல் நிறுத்திவிட்டது; இப்போது நீதிமன்றம் அல்லது திருத்திய புதிய விண்ணப்பம் மாத்திரமே. நாம் மேலே சொன்ன தம்பதியினர் முறையிடவில்லை. கடனைத் திருப்பிக் கொடுத்து, தங்கள் சொந்தக் கணக்கோடும் கமநல நிலையக் கடிதத்தோடும் அறுவடைக்குப் பின் புதிதாக விண்ணப்பித்தார்கள். தாய்க்குக் கிடைத்தது. தந்தை மாடுகளோடு நின்றார். பிள்ளை அதற்குள் பிறந்து தவழத் தொடங்கிவிட்டது.

விசா ஒட்டப்பட்டு வந்தவுடன் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள். இரண்டு திகதிகளும், அவற்றோடு தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கையும் இருக்கும். திகதிகளுக்கிடையில் 45 நாள் இருந்து, நாட்கள் என்ற இடத்தில் 30 என்றிருந்தால், 30 நாள்தான் தங்கலாம். வந்த நாளும் போகும் நாளும் கணக்கில் அடங்கும். ஒரு தடவை மட்டும் நுழையும் விசாவுடன் பாரிஸிலிருந்து லண்டனுக்குப் போனவர், லண்டன் விசா இருந்தாலும் பாரிஸுக்குத் திரும்ப முடியாது. நீண்ட விசா உள்ளவர்களுக்கும், எந்த 180 நாட்களை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. மார்ச் 1 நுழைந்து தொடர்ந்து தங்கினால், மே 29 தொண்ணூறாவது நாள். விசா செல்லுபடியாக இருந்தாலும் மீண்டும் நுழைய ஓகஸ்ட் 28 வரை பொறுக்க வேண்டும். 2025 ஒக்டோபர் 12 முதல் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக முகத்தையும் விரலையும் பதியும் முறை படிப்படியாகத் தொடங்கியது. ஒரு நாள் கூடினாலும் அது தெரிந்துவிடும். கடும் சுகவீனத்தால் பயணம் செய்ய முடியாவிட்டால், விசா முடியுமுன் வைத்தியரின் கடிதத்தோடு அங்குள்ள அலுவலகத்துக்குப் போய் நீடிப்புக் கேளுங்கள்.

வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் ஐரோப்பிய விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே விசா தேவைப்படும் நாட்டவரின் பட்டியலில் இலங்கையரும் இருக்கிறோம். செல்லுபடியான கனடா, அமெரிக்க விசா உள்ளவர்களுக்கு விலக்குண்டு. லண்டன் போகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டே டிக்கற் எடுக்க வேண்டும்.

விசா இருந்தாலும் எல்லையில் உத்தியோகத்தர் கேள்வி கேட்கலாம், திருப்பியும் அனுப்பலாம். அழைப்புக் கடிதம், காப்புறுதி, திரும்பும் டிக்கற், மகளின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் வைத்துக் கட்டிவிட வேண்டாம். அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு நெய்யும் இறைச்சி வற்றலும் கொண்டுபோகத் தடை. கறிவேப்பிலை, முருங்கைக்காய், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஆகியவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் பறித்துவிடுவார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசிக்கு அச்சான்றிதழ் தேவையில்லை. கருவாடு ஓரளவுக்கு விடுவார்கள், ஆனால் நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள்.

திரும்பி வந்த பின் அந்தக் கடவுச்சீட்டு முடிவடைந்தாலும் எறிந்துவிடாதீர்கள். உரிய நாளில் வெளியேறியதைக் காட்டும் பழைய விசா, அடுத்த விண்ணப்பத்துக்கு எந்தக் காணி உறுதியையும் விடப் பெறுமதியானது. இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று விசாக்களைப் பெற்று ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு, நிபந்தனைகள் பொருந்தினால், ஓராண்டுக்குப் பல தடவை போய்வரும் விசா வழங்க வேண்டும் என்று 2020 முதல் விதி இருக்கிறது.